ரசமட்டம்

படகு என்று பொருள் எங்கள் ஊர்ப் பெயருக்கு.
ஆறுகளை எப்போதோ குழாயில் அடைத்துத்
தெருவுக்கடியில் புதைத்துவிட்டார்கள்.
வூச் நகரில் படகு உண்டு, தண்ணீர் இல்லை.
மேலே டிராம் ஓடுகிறது.
தண்டவாளம் மட்டமாக இருக்கிறதா என்று
இரவில் பார்த்துச் சொல்பவன் நான்.
பெயர் விட்டோல்ட். வயது நாற்பத்தேழு.
விவாகரத்துக்கு அடுத்த குளிர்காலத்தில்
புத்தரிடம் வந்து சேர்ந்தேன்,
எந்தக் கடையும் திறந்திராத நேரத்தில்
பெட்ரோல் பங்குக்குப் போவதுபோல.

நூலகத்தில் எடுத்த புத்தகம்.
விளக்கு உன் கையில்தான் இருக்கிறது
என்றது பதினோராம் பக்கம்.
குரு இல்லாமல் ஓரடியும் வைக்காதே
என்றது நாற்பதாம் பக்கம்.
இரண்டையும் ஒரே பசை ஒட்டியிருந்தது.
பதினோராம் பக்கம் போதுமென்று இருந்துவிட்டேன்;
டிக்கெட் செலவு மிச்சம்.

சமையலறையில்,
வெந்நீர்க் குழாய் முனகும் சுவரைப் பார்த்து
ஏழு மாதம்.
மூச்சை எண்ணினேன்.
பத்துக்குள் ஒன்பது தடவை தொலைந்தேன்.
சில நாள் அமைதியாக இருந்தது.
அது தியானமா தூக்கமா என்று
கேட்க ஆளும் இல்லை,
கேட்கும் ஆசையும் இல்லை.

ஒருநாள் வேலைப்பையிலிருந்து
ரசமட்டத்தை எடுத்துத்
தோளின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கக்
கழுத்தைத் திருப்ப வேண்டும்.
திருப்பினால் தோள் அசையும்.
அசைந்தால் குமிழி ஓடும்.
பார்க்காதபோது அது எங்கே நின்றது
என்பதை இன்றுவரை அறியேன்.
கண்ணாடி வைத்தும் பார்த்தேன்.
கண்ணாடியைக் கண்டதும்
வயிறு உள்ளே போய்விடுகிறது.

பழைய நூல் ஆலையின் மூன்றாம் மாடியில்
செவ்வாய்தோறும் உட்காருகிறார்கள் என்றான்
டிப்போவில் பிரேக் பார்க்கும் போகுமிவ்.
போனேன்.
ஆசிரியர் வரவில்லை.
வார்சாவிலிருந்து வரும் ரயில் பனியில் நின்றுவிட்டதாம்.
பல் மருத்துவமனையில் கணக்கு எழுதும் டோப்ரோக்னா,
சாவி அவளிடம் இருந்ததால்,
கதவைத் திறந்து மணியும் அடித்தாள்.

பத்து நிமிடம் இருக்கும்.
பின்னால் காலுறை உரசும் சத்தம்.
இடது தோளில் இரண்டு விரல்.
அழுத்தக்கூட இல்லை.
தொட்டாள், போய்விட்டாள்.
தோள் தானாக ஏறிக்கொண்டது.

மீதி அரைமணியும் நான்
ஒருபக்கம் கனத்த படகில் இருப்பவன்போல
வலப்புறம் சரிந்துகொண்டே இருந்தேன்.
சரியவில்லை, இப்போதுதான் நேராக இருந்தீர்கள்
என்றாள் தேநீரின்போது.
நேர் எனக்குக் கோணலாகப் பட்டிருக்கிறது.
ஏழு மாதம் கோணலைப் பழகியிருக்கிறேன்,
அதுவும் எவ்வளவு சிரத்தையாக.

கோபம் வந்தது.
யார்மேல் என்று தெரியவில்லை.
வீடு திரும்பும் கடைசி டிராம்
ஒரு வளைவில் கிறீச்சிட்டது.
போன மாதம்தான் அந்த இடத்தைச்
சரி என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன்.

மறு செவ்வாயும் போனேன். அதற்கடுத்ததும்.
ஆசிரியர் ஒருமுறை வந்தார்.
ஜலதோஷம்.
மூக்கைச் சிந்திக் கைக்குட்டையை மடித்துவிட்டு,
"தண்டவாளக்காரரா?
என் வீட்டில் ஒரு கதவு மூடுவதில்லை" என்றார்.
எனக்குக் கிடைத்த உபதேசம் அவ்வளவுதான்.
உபதேசம்தானா அது என்பதும் நிச்சயமில்லை.
ஞாயிற்றுக்கிழமை போய்
கீலைச் சரிசெய்து கொடுத்தேன்.

நேற்று மணியடிக்கும் முறை எனக்கு.
சுவரைப் பார்த்து வரிசையாக ஒன்பது பேர்.
வழக்கப்படி எல்லோர் பின்னாலும் நடந்தேன்.
கடைசியில் டோப்ரோக்னா.
எட்டு வருடமாக உட்காரும் முதுகு
நூலிழை அளவு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.
மற்றவர் கண்ணுக்குத் தப்பும்.
இரவெல்லாம் இரும்பைப் பார்க்கும் கண்ணுக்குத் தப்பாது.

நின்றேன்.
ஆலைச் சுவர்களுக்குள் அவ்வளவு குளிர்.
விறைத்திருந்த இரண்டு விரல்களையும்
அக்குளில் வைத்துச்
சூடாக்கிக்கொண்டேன் முதலில்.